மனுவில் ஏறாத சத்தம்

போன வாரம் சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடைக்குப் போய் நூறு கார்பன் தாள் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத இன்னமும் யாருண்ணே வாங்குறா? எதுக்கு?" என்றார். வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கார்பன் தாளை வைத்து யார் என்ன செய்வார்கள்? அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. பரண்மேல் ஏறி, தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கி, என் முகத்தைப் பார்த்தபடியே கட்டிக் கொடுத்தார். ஏதோ போலிப் பத்திரம் தயாரிக்கிற ஆள் என்று நினைத்திருப்பார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் மோசமாக நினைத்திருப்பார். நான் அறிவியல் புனைகதை எழுதுகிறவன். இதுவரை ஏழு நாவல்கள். ஏழிலும் மனிதர்கள் கிரகம் விட்டுக் கிரகம் போகிறார்கள், மூளையைக் கழற்றி மாட்டுகிறார்கள். எழுதுவது மட்டும் கையால், அடியில் கார்பன் தாள் வைத்து, இரண்டு பிரதி. கணினியில் ஏற்றினால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயம். யார் எடுப்பார்கள், எடுத்து என்ன செய்வார்கள் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. "செவ்வாய்க்கு ஆள அனுப்புற மனுசன், போன்ல பஸ் டிக்கெட் போடப் பயப்படுறாரு" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்தச் சந்தேகப் புத்திதான் எனக்குச் சோறு போடுகிறது.

ஒருமுறை அழகர்கோவில் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். திடீரென்று, "சின்னப் புள்ளைல பாத்தப்ப இது இன்னும் தள்ளி இருந்துச்சு" என்றார். நீங்களாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுத் தூங்கியிருப்பீர்கள். எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. மலை நகர்கிறதா, இல்லை இந்த ஆள் எதையோ மறைக்கிறாரா? வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அதுதான் என் இரண்டாவது நாவல். என் வழிமுறை அவ்வளவுதான். யார் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்று குடைந்துகொண்டே இருப்பேன்.

கூட்டங்களில் இதைச் சொல்வதில்லை. உங்களுக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். சிறுவயதில் மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் பார்ப்பேன் என்பேன். கைதட்டுவார்கள். எங்கள் வீடு ஓட்டு வீடு. மொட்டை மாடியே கிடையாது. இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். முதல் நாவல் வந்தது இந்தக் கார்பன் தாள் வாசத்திலிருந்துதான். பொட்டலத்தை வீட்டில் பிரித்ததும் அந்த மை வாசம் வந்தது. கூடவே மல்லிகை மொட்டு வாசமும் வந்தது. கடைக்காரர் பொட்டலத்தில் மல்லிகை வைத்திருக்க மாட்டார். அது என் மூக்கின் வேலை.

இருபத்து மூன்று வயதில், மனு வாங்கும் ஆபீஸ் ஒன்றுக்கு எதிர்ச் சந்தில் தட்டச்சுக் கடையில் வேலை பார்த்தேன். கடை செல்வம் அண்ணனுடையது. தகரக் கூரை, இரண்டு தமிழ் டைப்ரைட்டர், ஒரு பெஞ்சு. திங்கள்கிழமை வந்தால் பெஞ்சு கொள்ளாது. ஜனங்கள் வந்து குறையைச் சொல்வார்கள், நான் மனுவாக அடித்துக் கொடுப்பேன். செல்வம் அண்ணன் முதல் நாளே எனக்குத் தொழில் ரகசியம் சொல்லிவிட்டார். "அவுக சொல்றத அப்படியே அடிச்சா குப்பைக்குப் போயிரும் மாப்ள. ஆபீசருக்கு என்ன வேணுமோ அத அடி." ஆபீசருக்கு வேண்டியது நான்கே நான்கு: பாதை, பட்டா, குடிநீர், உதவித்தொகை. யார் என்ன சொல்லி அழுதாலும் இந்த நாலில் ஒன்றுக்குள் போட்டு மூடிவிட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினேன்.

அங்கேதான் என் சந்தேகம் நன்றாக ஊறியது. வருகிறவர்களில் பாதிப் பேர் கூட்டிச் சொல்வார்கள். ஒருவர் தன் தம்பி செத்துப்போய் மூன்று வருடம் ஆகிறதென்று கண் கலங்கச் சொல்லி மனு அடித்தார். தம்பி வாசலில் நின்று வடை தின்றுகொண்டிருந்தார். அடித்து முடித்ததும் இருவரும் ஒரே சைக்கிளில் போனார்கள். அதற்குப் பிறகு நான் யாரை நம்புவது?

அப்படிப்பட்ட ஒரு திங்கள்கிழமைதான் கருப்பையா அண்ணன் வந்தார். பேரையூர்ப் பக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் அப்பா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலை. இவர் பத்து வருடம் செங்கல் சூளையில் கிடந்து அறுபது சென்ட் வாங்கி, மல்லிகை போட்டிருந்தார். அந்த வம்சத்தில் முதல்முதலாகச் சொந்த மண். அதில் ஒரு கிணறு. வாழை இலையில் கட்டிய மொட்டுப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"கெணத்துக்கு அடியில பூமி உறுமுது தம்பி. உறுமுறப்பல்லாம் தண்ணி ரெண்டு படி எறங்கிருது. உறுமாத நேரம் எறங்கல."

நான் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தேன். எப்போது உறுமும் என்று கேட்டேன். ஒரு வாரம் காலையில், மறு வாரம் மத்தியானத்துக்கு மேல், வாரம் ஒருக்கா நேரம் மாற்றிக்கொள்கிறது என்றார். யார்மீதாவது சந்தேகமா என்று கேட்டேன். வாசலைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் நமக்கு எதுக்கு? ஆபீசரு வந்து கெணத்துல காத வச்சுக் கேக்கட்டும். அம்புட்டுதான் எழுதுங்க" என்றார்.

பூக்காரர் என் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒன்று, ஆள் கொஞ்சம் மறை கழன்றவர். இல்லையென்றால் கிணற்றை ஆழப்படுத்த உதவி வாங்குவதற்குக் கதை கட்டுகிறார். எப்படி இருந்தாலும் பூமி உறுமுகிறது என்று மனு அடித்தால் ஆபீசில் சிரிப்பார்கள், கடைப் பேர் கெட்டுப்போகும். எனவே குடிநீருக்குள் போட்டு மூடினேன். 'மேற்படி கிராமத்தில் நிலத்தடி நீர்மட்டம் குறைந்து பொதுமக்கள் குடிநீருக்கு மிகவும் அவதியுறுவதால்' என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற வரிகள்.

ஆனால் அந்த உறுமல் என்னை விடவில்லை. வாரம் ஒருமுறை நேரம் மாற்றுகிற உறுமல்! கடைப் பிரதிக்கான கார்பன் நகலின் முதுகில், பென்சிலால் அவர் சொன்னதைச் சொல் மாறாமல் குறித்துக்கொண்டேன். அந்த நகலை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டேன்.

கருப்பையா அண்ணனுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். வாசித்துக் காட்டச் சொன்னார். கடகடவென்று வாசித்தேன். அந்த ஆபீஸ் தமிழ் அவருக்கு எட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "உறுமுறது வந்துருச்சா தம்பி?"

"வந்துருச்சுண்ணே" என்றேன்.

அவர் மனுவையும் தனக்கான நகலையும் நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். பெஞ்சில் அடுத்த ஆள் உட்கார்ந்தார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் கடிதத்தோடு வந்தார். கிராமத்தில் நேரில் பார்த்ததாகவும், அடிகுழாய் நன்றாக இயங்குவதாகவும், குடிநீர்த் தட்டுப்பாடு இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். நான் கேட்டதற்கு அவர்கள் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருந்தார்கள். "சத்தத்தப் பத்தி என்ன போட்ருக்கு?" என்றார். தனியாக வந்து பார்ப்பார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் சந்தேகமாக என் முகத்தைப் பார்த்தார். அதுவரை நான்தான் மற்றவர்களை அப்படிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மொட்டுப் பொட்டலம் கொண்டுவரவில்லை.

அதற்குள் நாவல் பாதி வளர்ந்திருந்தது. பூமிக்கு அடியில் ஒரு கூட்டம் இருக்கிறது. வேலை பார்க்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாறுகிறது. மேலே இருக்கிறவர்களின் தண்ணீர்தான் அவர்களுக்கு மூச்சு. எழுத எழுத எனக்கே புல்லரித்தது. இப்படியொரு யோசனை உலகத்தில் எவனுக்கும் வந்திருக்காது என்று மீசையை முறுக்கிக்கொண்டேன். புத்தகம் வந்ததும், அந்த ஷிஃப்ட் மாறும் இடத்தைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, செல்வம் அண்ணன் வீட்டுக் கல்யாணம் ஒன்று பேரையூரில் நடந்தது. சாப்பிட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கருப்பையா அண்ணன் காதுக்கு நாவல் விஷயம் எட்டியிருக்குமோ, சண்டைக்கு வருவாரோ என்று உள்ளூர ஒரு குறுகுறுப்பு. உளவு பார்க்கத்தான் போனேன், அக்கறையில் அல்ல. ஊரை விசாரித்து நடந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மல்லிகைச் செடிகள் எல்லாம் விறகாகக் காய்ந்து நின்றன. அவர் ஒவ்வொன்றாக வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தேன். கடைசிப் படி தாண்டி வெறும் பாறை. மறுநாள் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போகிறாராம், பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. வரப்புக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே முன்பு பெரிய வைக்கோல் போர் இருந்ததாம். அதைப் பிரித்து விற்ற பிறகு அடியில் ஒரு குழாய் தெரிந்ததாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இவர் கிணற்றை ஒட்டி, திருட்டுத்தனமாக ஆழ்குழாய் இறக்கி மோட்டார் போட்டு, வைக்கோலால் மூடிவைத்திருந்திருக்கிறார்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவுக பேர எழுதிக் குடுத்துட்டு நான் இந்த ஊர்ல இருக்க முடியுமா? சத்தத்தச் சொன்னா ஆளு வந்து கேப்பாக. கேட்டா என்னன்னு தேடுவாக. நான் யாரையும் சொன்னதா இருக்காது." அரிவாளைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "வாரம் ஒருக்கா நேரம் மாறுதுன்னேன்ல? தோட்டத்து மோட்டாருக்கு விடுற மும்முனைக் கரண்டு ஒரு வாரம் காலையில, மறு வாரம் மத்தியானம்னு முறை மாறுறது ஊரு உலகத்துக்கே தெரியும். படிச்ச புள்ள, புடிச்சுக்கிருவீகன்னு நெனச்சேன்."

உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு, இந்த ஒரு மனிதர் சொன்னதற்குள் இருந்த புத்திசாலித்தனம் தெரியவில்லை. பூமிக்கு அடியில் ஒரு ஜாதியையே படைத்தேன். ஒரு மோட்டார் என் மண்டையில் தட்டவில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"மக எட்டாவது படிக்குது. மனு நகல வாசிக்கச் சொன்னேன். அதுல உறுமுறது இல்லயே தம்பி. எழுதலியா?"

"எழுதுனேண்ணே" என்றேன்.

பொய் இல்லை. எங்கே எழுதினேன் என்று மட்டும் சொல்லவில்லை. அவர், அப்படியானால் வழியில் எங்கேயோ விட்டுப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு அடுத்த செடிக்குக் குனிந்தார்.

தட்டச்சுக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. மனுவெல்லாம் கணினி மையத்தில் போடுகிறார்கள். எந்தக் குறை என்று அங்கேயும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களாம். போன வருடம் பேரையூர்ப் பக்கம் போனபோது அந்தத் தோட்டத்து வழியாகப் போனேன். அறுபது சென்ட்டிலும் மனைக் கல் ஊன்றியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டமும் மனையாகிவிட்டது, அந்தக் குழாயிலும் தண்ணீர் நின்றுபோனதாம். கிணற்றை மூடி மேலே தார் ரோடு போட்டிருந்தார்கள். வண்டியை விட்டு இறங்கி, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ரோட்டில் மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அந்த உறுமல் இப்போது என் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் படிக்கிற எல்லோரும் என்ன கற்பனை, என்ன கற்பனை என்கிறார்கள்.