அஷ்டமியன்று ஆட்டோ பிடித்தவர்

மந்தைவெளி டீக்கடையில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தபோது, ஏகாம்பரம் அவர்கள் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று கடைக்காரர் சொன்னார். "காலங்காத்தால விளையாடாதே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பன் டீக்குள் விழுந்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மயிலாப்பூரில் குழாய் ரிப்பேர் பார்த்தவர் ஏகாம்பரம். மனைவி போனபின் ராஜா என்கிற செவலை நாய்தான் துணை. யார் எது சொன்னாலும் "சரிங்க" என்பார்.

"உன்னை எவனாச்சும் வித்தாகூட, சரிங்கன்னு கூடவே போவியே!" என்று சீண்டுவேன்.

"வாங்குனவன்தான் பாவம் நைனா" என்பார்.

போன வருஷம் ராஜாவுக்குத் தாடையில் புற்றுநோய் வந்தது. வாய் ஒரு பக்கம் அழுகி, சீழ் நாற்றம் தெருமுனை வரைக்கும் அடித்தது. "இனிமே வலி மட்டும்தான். ஊசி போட்டு அனுப்பிடலாம். எந்த நாள்னு நீங்க சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

நாள் சொல்ல ஊரே கிளம்பிவிட்டது. ஏகாம்பரத்தின் மச்சினன் காலண்டரோடு வந்து உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை கூடாது, அமாவாசை கூடாது, பிரதோஷம் கூடவே கூடாது. மாடி வீட்டு மாமி மூக்கைப் பொத்திக்கொண்டே, "பைரவரோட வாகனமோன்னோ, தானாப் போகட்டும். நாம பாவம் கட்டிக்கப்படாது" என்றார். ராஜாவின் வாயைக் கழுவ ஒரு சொம்பு தண்ணீர் யாரும் கொண்டுவரவில்லை. தங்கள் புண்ணியம் கெடாமலிருக்க ஒரு ஜீவனை அழுகவிட்டார்கள். அந்தப் புண்ணைவிட இவர்கள் பேச்சுதான் எனக்குக் குமட்டியது. ஏகாம்பரமோ எல்லாருக்கும் "சரிங்க" என்றார்.

ஒரு காலையில் புண்ணில் புழு நெளிந்தது. அவர் ஒவ்வொன்றாக விரலால் எடுத்துப் போட்டார். ராஜாவுக்குக் கத்தவும் தெம்பில்லை.

"இன்னிக்குத் தேய்பிறை அஷ்டமி மாமா. பைரவருக்கே உண்டான நாளு. இன்னிக்குப் பண்ணா பாவம் ஏழு ஜென்மத்துக்கும் வுடாது" என்றான் மச்சினன்.

ஏகாம்பரம் நிமிர்ந்தார். "வுடாட்டிப் போவட்டும். ஏழையும் நான் பட்டுக்கறேன். இவன் பட்டது போதும். நைனா, ஆட்டோ கூப்புடு!"

அடையாறு கிளினிக்கில், "வெளிய இருக்கீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "இல்லம்மா" என்று சொல்லி, அழுகிய தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். ஊசி ஏறியதும் ராஜாவின் தலை அந்தக் கையில் மெதுவாகக் கனத்தது.

"போன மாசமே வந்திருக்கணும் நைனா. கண்டவனுக்கெல்லாம் தலையாட்டி இவனை வதைச்சுட்டேன்" என்றார்.

நேற்று சுடுகாட்டில் அந்த மச்சினன், "அஷ்டமியில பண்ண பாவம். ஒரு வருஷத்துல ஆளைத் தூக்கிடுச்சு" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மேல் காறித் துப்பலாம் போலிருந்தது. சுடுகாடாயிற்றே என்று எச்சிலை விழுங்கிக்கொண்டு அவனிடம் சொன்னேன்.

"டேய், மனுஷன் ஒரு முனகல்கூட இல்லாம தூக்கத்துல போயிருக்கான். இதுக்குப் பேரு சாபம்னா, எனக்கும் அதே வரட்டும். நீ காலண்டர் பாத்துக்கினு நல்ல நாள்ல இழுத்துக்கினு கெட!"

வாய்க்கரிசி போடக் குனிந்தேன். ஏகாம்பரத்தின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள், ஐயா.