மண்ணோடு வந்த வேர்

மம்சாபுரத்தில் அக்காவின் கொய்யாத் தோட்டம் ஐப்பசி மழையிலும் பச்சை பிடிக்கவில்லை. இலைகள் செம்பு நிறமாகி உதிர்ந்தன. தோண்டினால் வேரெல்லாம் முடிச்சு, மொச்சையைக் கோத்துவிட்டது மாதிரி. நூற்புழு என்றார்கள். அதில் ஒரு வகையை வேப்பம்புண்ணாக்கு போட்டுச் சமாளிக்கலாம். இன்னொரு வகை வந்த மண்ணில் கொய்யா நிலைக்காது. பட்டுப்போன மரங்களின் இடத்தில் நடுவதற்கு அக்கா வாங்கிய கன்றுகள் கிணற்றடி நிழலில் இருந்தன. நடலாமா, கூடாதா?

லென்ஸில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், மரபணுவைப் பார்த்தால்தான் பிரிக்கலாம் என்றாள், ராஜபாளையத்தில் என் தெருமுனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண். வேர் கேட்டாள். அக்கா கொடுத்த பொட்டலத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பிரித்தவள் சிரித்துவிட்டாள். வேர்கள் பளிச்சென்று கழுவி, வெயிலில் காய்ந்து, வெள்ளைத் துணிக்குள் இருந்தன.

"குளிப்பாட்டி அனுப்பியிருக்காகளே சார். மண்ணோட, ஈரத்தோட வேணும்."

போனில் சொன்னதும் அக்காவுக்குக் கோபம். "ஏலே, படிச்ச புள்ள கையில சேத்தோடயா கொடுப்பாக? நம்மள என்னன்னு நெனைக்கும்?"

மறுநாள் அக்காவே வந்தாள், சேறு சொட்டும் பையோடு.

முடிச்சைக் கீறினால் உள்ளே ஒரு பெண்புழு, முத்துப்போல, வெள்ளையாக. அதை நசுக்கி, அதன் மரபணுவில் ஒரே ஒரு துண்டைத் தேடிப் பெருக்குகிறது இயந்திரம். அந்தத் துண்டு பொல்லாத வகையிடம் மட்டும்தான் உண்டாம். இருந்தால் ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் கோடு ஒளிரும், இல்லையென்றால் அந்த இடம் இருட்டாகவே இருக்கும். இருட்டு வேண்டும், இருட்டு வேண்டும் என்று நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு எங்கேயும் உட்கார வராது. அக்கா உட்கார்ந்து முழங்கையில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கோடு ஒளிர்ந்தது.

அந்தப் பெண் ஜெல்லின் படம் தெரிந்த திரையைத் திருப்பிக் காட்டினாள். அக்கா செத்த நேரம் பார்த்தாள்.

"எம்புட்டு அழகா இருக்கு, சனியன்."

பிறகு எலுமிச்சை நிற்குமா என்று கேட்டாள். நிற்கும், இந்தப் புழு அதைத் தொடாது என்றாள் அந்தப் பெண்.

கன்றுகளின் வேரையும் சோதித்தார்கள். அவற்றில் புழு இல்லை. பிளவக்கல் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் அக்காவின் நாத்தனாருக்கு என்று அவற்றை வேனில் ஏற்றினோம். வேன் கிளம்பும்போது அக்கா அங்கே இல்லை. எலுமிச்சைக்குக் குழி எடுக்க ஆள் சொல்லப் போயிருந்தாள்.