செப்டம்பரில் சேர்கிறேன்

நடந்தது வரிசையாக:

1. மார்ச் கடைசியில், டென்மார்க்கில் ஒரு காற்றாலை நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலை, இரண்டு வருடம்.
2. ஏப்ரலில் காணொளி வழியாக நேர்காணல் நடந்தது.
3. தொழில்நுட்பக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். எப்போது சேர்வாய் என்ற கேள்வியில் மட்டும் சொதப்பினேன்.
4. மறுநாள் மின்னஞ்சல் வந்தது. சேரும் தேதியை வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் உறுதிசெய்யச் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் அடுத்தவரை அழைப்பார்களாம்.
5. வியாழன் மாலைவரை அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை.

எனக்கு வேலை ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில். கியர்பெட்டி என்ன சத்தம் போட்டால் என்ன பழுது என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதுவதும் சிரமமில்லை. வாய்திறந்து பேசும்போதுதான் தடுமாற்றம். அதனால் நேர்காணலுக்கு முன் பள்ளித்தோழியிடம் போனேன். வெளிநாடு போகும் நர்சுகளுக்குத் தக்கலையில் ஆங்கிலம் பேசச் சொல்லித்தருகிறவள் அவள்.

வருங்காலத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அவள் சொன்னதை லேப்டாப்பில் மூன்று கட்டமாகப் போட்டுக்கொண்டேன். மழை தூறினால் எழுந்து, நான் துணி எடுக்கிறேன் என்று அந்த நொடியில் சொல்வது ‘வில்’. முட்டத்துக்கு ஒரு நாள் போகவேண்டும் என்று முன்பே மனதில் வைத்திருப்பது ‘கோயிங் டு’. இரணியலில் காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டதென்றால் ‘ஐ ஆம் கோயிங்’, நடந்துகொண்டிருப்பதைச் சொல்வதுபோல.

“சேர்றதுக்கு மூணாவது கட்டம் மக்கா. ‘ஐ ஆம் ஜாயினிங்’. எல்லாம் ஏற்பாடு ஆயாச்சின்னு கம்பெனிக்காரனுக்குக் கேக்கணும். ஒன் மூஞ்சி வேற சிரிக்காது. வார்த்தையாவது உறுதியா இருக்கட்டும்.”

வீட்டில் அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த அறையில் இருந்த அம்மா, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், எட்டிப் பார்த்தார்.

“டிக்கெட்டு எடுத்தியா?”

“இல்ல.”

“விசா?”

“இல்ல.”

“பிறவு என்ன ஜாயினிங்? ‘கர்த்தர் சித்தமானா’ன்னு சேத்துச் சொல்லு.”

எங்கள் வீட்டில் அதைச் சேர்க்காமல் வருங்காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சபையில் ஞாயிறு அறிவிப்பும் அப்படித்தான். களியக்காவிளைக்குத் துணி எடுக்கப் போவதற்கும் அது வேண்டும்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். கேள்வி வந்தது. ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போய், “காட் வில்லிங், ஐ வில் ஜாயின் இன் செப்டம்பர்” என்று வாய் சொல்லிவிட்டது. அவர்களில் ஒரு பெண் மரியாதையாகத்தான் கேட்டார்: யாருடைய அனுமதியாவது பாக்கி இருக்கிறதா? நான் இல்லை என்று தொடங்கி, முடிக்காமல் நின்றேன்.

பாக்கி இருந்தது. அப்பா இறந்து நாலு வருடம் ஆகிறது. நான் போனால் அம்மா தனியாக இருக்கவேண்டும். மார்ச்சில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா, “கர்த்தர் சித்தமானா நடக்கும்” என்றார். கல்யாணத் தரகரைத் திருப்பி அனுப்பியதும் அதே வார்த்தையால்தான். ஏப்ரலில் மேல் அறைக்குப் பெயின்ட் அடிக்கச் சம்மதித்ததும் அதாலேயே. எங்கள் வீட்டில் அது சம்மதமாகவும் இருக்கும், மறுப்பாகவும் இருக்கும். எது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று வந்துவிடுமோ என்ற பயம்.

வியாழன் மாலை தோழி போன் செய்தாள்.

“எழுதிட்டியா?”

“இல்ல.”

“ஏட்டி, ஒரு வரி. எங்கிட்ட படிக்க வாற பிள்ளைங்க இதுக்குள்ள ஒரு கட்டுரை எழுதிரும்.”

“ஏற்பாடு ஆயாச்சின்னு எழுதணும். ஆவலியே.”

“என்ன ஆவல?”

“அம்மாட்ட கேக்கல.”

“ஒரே வீட்டுலதானே இருக்க?” என்றாள். “போன வை. போயி கேளு.”

அம்மா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன்.

“நான் போவட்டா?”

“அதான் அன்னைக்கே சொன்னனே, கர்த்தர் சித்தமா—”

“அது கர்த்தருக்கு. ஒங்களுக்கு?”

கத்தியைக் கீழே வைத்தார். “எனக்கு என்ன? நீ சொன்ன மறுநாளே சித்தியக் கூப்பிட்டுப் பேசியாச்சி. அவளும் அவ வீட்டுல தனியாத்தான இருக்கா. ஆகஸ்ட்டுல இங்க வாறா. அவளுக்குத்தான் மேல் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சது.”

அந்தப் பெயின்டின் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ கேட்டியா? முகத்தத் தூக்கி வச்சிட்டே நடந்த. போவ மனசில்லையோ, நான் போ போன்னு தள்ளுன மாதிரி ஆயிருமோன்னு இருந்திச்சி. ஒனக்குத் திரும்ப ஒரு வழி இருக்கட்டும்னுதான் பொதுவா சொல்லிட்டு இருந்தேன்.”

“நான் நீங்க விடமாட்டீங்கன்னு நெனச்சேன்.”

“நல்லா நெனச்ச. போயிட்டு வா மக்ளே. போயி அந்த வரிய எழுது, கிழங்கு வேவதுக்குள்ள.”

ஒரு மாதமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது போலிருந்தது. எழுதினேன்: ‘ஐ ஆம் ஜாயினிங் ஆன் தி ஃபர்ஸ்ட் ஆஃப் செப்டம்பர்.’ எந்தக் கட்டம் என்று யோசிக்கவே இல்லை. அனுப்பிவிட்டுத் தோழிக்குச் சொன்னேன். “இனி ஃபீஸ் அனுப்பு” என்றாள். அன்று மரச்சீனியும் மீன்குழம்பும். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கள்கிழமை பணி உத்தரவு வந்தது. இப்போது ஆகஸ்ட் முதல் வாரம். ஆரல்வாய்மொழியில் என் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்கள். விசா வந்துவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். சித்தி சனிக்கிழமை வந்து, மேல் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கமாக மாற்றிப் போட்டுக்கொண்டார்.