நிறுத்துவதும் நிறுத்திவைப்பதும்

அலுவலகத்தில் அவருக்குக் கமா என்று பெயர். ஐம்பதை நெருங்கும் ஆள். கேன்டீன் சுவரில் ஒட்டிய அறிவிப்பில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால்கூடப் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் டீ வாங்குவார். பட்டப்பெயர் காதில் விழுந்தபோது, "முற்றுப்புள்ளின்னு வைக்காம விட்டாங்களே" என்று சிரித்தாராம்.

நோயாளிகளின் வீட்டுக்கே நர்ஸ் அனுப்பும் நிறுவனம் அது. தொலைபேசியை எடுத்துப் பேசுவது இப்போது மனிதர்கள் இல்லை, ஏஐ. அதன் கையில் சில கருவிகளைக் கொடுத்திருந்தார்கள். நர்ஸ் வருகையைப் பதிவு செய்ய ஒன்று, சில நாளைக்கு நிறுத்திவைக்க ஒன்று, ஒரேயடியாக நிறுத்த ஒன்று. கருவிக்குள் என்ன நடக்கிறதென்று ஏஐக்குத் தெரியாது. ஒவ்வொன்றோடும் இருக்கும் நாலு வரி விளக்கத்தைப் படித்துத்தான் எதை எடுப்பதென்று முடிவு செய்யும். அந்த நாலு வரி அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகிறதா என்று சோதித்து மதிப்பெண் போடுவது கமாவின் வேலை. வாடிக்கையாளர் கேட்பதுபோல வாக்கியங்கள் எழுதிக் கொடுப்பார். ஏஐ தவறான கருவியை எடுத்தால் விளக்கத்தைத் திருத்துவார். நிறுத்துவதற்கும் நிறுத்திவைப்பதற்கும் அவர் எழுதிய விளக்கங்கள் ஒரு சோதனையில்கூடப் பிசகவில்லை. மேனேஜர் அவற்றைத்தான் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்.

அவருடைய அக்கா ஊரின் மறுகோடியில், மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். கணவர் தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. சர்க்கரை நோயால் பாதத்தில் ஆறாத புண். தம்பியின் நிறுவனத்திலிருந்தே நர்ஸ் வந்து கட்டு மாற்றிப் போவார். ஏற்பாடு செய்தது தம்பிதான்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதானபோது அக்கா தம்பி வீட்டுக்கு வந்தார். நாலு நாள் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு காலையில் கமாவின் மனைவி, "அண்ணி, கட்டு பிரிச்ச பஞ்சைச் சமையல் ரூம் குப்பையில போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார். அக்கா தம்பியைப் பார்த்தார். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "அவ சொல்றதும் சரிதானேக்கா" என்றார்.

மறுநாளே அக்கா பையைக் கட்டிவிட்டார். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. படிக்குப் படி நின்று நின்று ஏறினார். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன தம்பியிடம் வாசலில், "ஆபீசுக்கு நேரமாகுது, நீ கிளம்பு" என்றார். அதற்குப் பிறகு போன் இல்லை. கோபம் ஆறட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

கீழ்வீட்டுக்காரர்தான் ஒருநாள் கூப்பிட்டார். "உங்க அக்காவுக்குக் காய்ச்சல் அனலா அடிக்குது. கால் பக்கமே போக முடியல சார், வாடை."

மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பேசும் தெம்பு வந்த பிறகு கமா கேட்டார்: "இவ்வளவு மோசமாகிற வரைக்கும் அந்த நர்ஸ் என்னக்கா பண்ணிட்டிருந்தாங்க?"

"நர்ஸா? நான் திரும்பி வந்ததுலேர்ந்து யாரும் வரலையே."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அக்கா போர்வையின் ஓரத்தை நீவிவிட்டார். "உன் ஆபீஸ்தானே. நீதான் அனுப்ப வேண்டாம்னு சொல்லிட்டேன்னு நினைச்சேன்."

அவர் எழுந்து நேரே அலுவலகத்துக்குப் போனார்.

அக்கா கடைசியாகக் கூப்பிட்டுப் பேசிய அழைப்பின் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டார். அக்காவின் குரல் உற்சாகமாக இருந்தது. "தம்பி வீட்டுக்குப் போறேம்மா. இங்க லிஃப்ட் வேற ஓடல. அங்க என்னைய நல்லா பார்த்துக்குவாங்க. நர்ஸை நிறுத்திடுங்க." ஏஐ பணிவாக, "நிறுத்திவிட்டேன்" என்றது. "நல்லதும்மா" என்று அக்கா வைத்துவிட்டார்.

எந்தத் தேதி வரை என்று குறிப்பிட்டால் நிறுத்திவைக்கவும், இல்லையென்றால் நிறுத்தவும் என்று விளக்கத்தில் இருந்தது. அக்கா தேதி சொல்லவில்லை. கமா தன் சோதனை வாக்கியங்களைத் திறந்து பார்த்தார். 'எனது செவிலியர் வருகையை அடுத்த வாரம் வரை நிறுத்திவைக்கவும்.' அத்தனையும் இப்படியே, ஒற்றுப்பிழை இல்லாமல் இருந்தன. விளக்கத்தை எழுதிய கையே கேள்வியையும் எழுதியிருந்தது. இப்படிப் பேசுகிற ஓர் ஆளைக்கூட அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மேனேஜரிடம் சொன்னார். "ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்றார் அவர். பிறகு, "ஆனா அவங்க தேதி சொல்லலையே?"

"ஒரு மனுஷன் போனை எடுத்திருந்தா, எப்ப திரும்பி வருவீங்கன்னு கேட்டிருப்பான் மேடம்."

உண்மையான அழைப்புகளிலிருந்து வாக்கியங்களை எடுத்துச் சோதித்தார். மாதிரியாகக் காட்டப்பட்ட விளக்கங்கள் வரிசையாகத் தவறின. தெளிவாகச் சொல்லாவிட்டால் கேட்க வேண்டும், ஒரேயடியாக நிறுத்தினால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்றெல்லாம் சேர்த்து எழுதினார். அப்படியும் மதிப்பெண் பழைய உயரத்துக்கு வரவில்லை. "மேலதிகாரிங்ககிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார் மேனேஜர். அதே மாதிரி நர்ஸ் நிறுத்தப்பட்ட மற்றவர்களைக் கமாவே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சிலர் திட்டினார்கள், சிலர் நன்றி சொன்னார்கள். சில எண்களை யாரும் எடுக்கவில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினார். "மெஷின் தப்பா எடுத்துக்கிச்சுக்கா. நான் எதுவும் சொல்லல."

"சரிப்பா."

"நம்பலையா?"

"நம்பாம என்ன. விடு."

இப்போது அதே கட்டடத்தில் இருக்கும் ஒரு பெண் வந்து அக்காவுக்குக் கட்டுப் போடுகிறாள். கமா ஞாயிற்றுக்கிழமைகளில் போவார். கட்டை நானே மாற்றிவிடுகிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு வந்துடும்பா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார் அக்கா. வீட்டுக்கு வரச்சொன்னால், பார்க்கலாம் என்பார். அந்தப் பெண் வந்து மருந்துப் பெட்டியைத் திறக்கும்வரை இருவரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போவார்.