பூசை நேரக் கரண்டு

எனக்கு எண்பத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மாட்டுக் கொட்டகையில் வளர்ந்த மிசினையும் சேர்த்தால் ஐந்து என்று என் வீட்டுக்காரர் சொல்வார். முதலில் கேலியாகத்தான் சொன்னார். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் பெருமையாகச் சொல்கிறார். அந்தக் கேலி பெருமையான கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் கற்ற எழுத்துதான் எனக்கு. மெதுவாகத்தான் வரும், வரட்டும்.

எங்கள் ஊர் வத்தல்மலைக்குக் கீழே. நடுவில் மாதா கோயில், சுற்றி வீடுகள், அதைச் சுற்றி நிலம். அனேகமாக எல்லார் நிலத்திலும் ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு கரண்டு மோட்டார்.

எண்பதுகளின் கடைசியில் என் மூத்தவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மில்லிங் மிசின் ஓட்டிக்கொண்டிருந்தான். அதே இடத்தில் ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். கன்னடம் பேசுகிற வீட்டுப் பெண். நம்மைப் போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்தான் என்றாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. நம் பக்கம் பெண்ணே இல்லையா என்று கேட்டேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு, ஏலத்தில் எடுத்த பழைய மில்லிங் மிசின் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மாடுகள் புளியமரத்தடிக்குப் போயின. கொட்டகையில் தளம் போட்டு மிசினை நிறுத்தினார்கள்.

மில்லிங் மிசின் என்றால் இதுதான். மேலே கத்தி சுற்றும், கீழே ஒரு மேசை இருக்கும். மேசையில் இரும்பைப் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் மேசை நகரும், கத்தி இரும்பைச் சீவும். ஒரு கைப்பிடி மேசையை இடம் வலமாக நகர்த்தும், இன்னொன்று முன்னே பின்னே. மனுசன் சுற்றுகிற அந்தக் கைப்பிடிகளை மிசின் தானே சுற்றிக்கொள்ள வேண்டும், அப்படிச் சுற்றினால் வளைவும் நெளிவும் கைபடாமல் வெட்டலாம் என்பது அவர்கள் எண்ணம்.

கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, பெங்களூர் பழைய சாமான் கடையில் பொறுக்கிய மோட்டார்களை அந்த இடத்தில் வைத்தார்கள். அவை நம் கிணற்று மோட்டார் மாதிரி ஓடுகிறவை அல்ல. கம்ப்யூட்டர் சொன்னால் ஓர் இம்மி நகரும், நிற்கும். மறுபடி சொன்னால் இன்னோர் இம்மி. முதலில் சைக்கிள் செயினைப் போட்டு இணைத்தான், தொளதொளவென்று ஆடியது. அப்புறம் பல் வைத்த பெல்ட் போட்டான். ஆனாலும் மிசின் பழசு. திருகு தேய்ந்திருந்ததால், திசை மாறும்போது கொஞ்சம் சும்மா சுற்றிவிட்டுத்தான் மேசையை இழுத்தது. வட்டம் வெட்டச் சொன்னால் ஓரங்கள் சப்பையாக வந்தன. மருமகள் அந்தச் சும்மா சுற்றலை அளந்து, திரும்பும்போதெல்லாம் அவ்வளவு கூடுதலாகச் சுற்று என்று கம்ப்யூட்டருக்கு எழுதுகிற எண்ணிலேயே எழுதி வைத்துவிட்டாள். வட்டம் வட்டமாக வந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு நான் முதல் முதலாக, கேட்காமலே, காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கம்ப்யூட்டர் என்பது ஒரு சின்னத் தட்டச்சுப் பலகைதான். அதை எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சினிமா பார்க்க வருகிற தெரு சனம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அவள் எழுதிய எண்களெல்லாம் கேசட்டில் இருந்தன. நான் தவக்காலப் பாட்டுக் கேட்கிற டேப் ரிகார்டரில் அதைப் போட்டால் வெள்ளெலி கத்துகிற மாதிரி கீச்கீச்சென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் மனப்பாடம் செய்துகொள்ளும்.

மனப்பாடம் செய்தது நிற்க வேண்டுமே. கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டு டியூப் லைட் துடிதுடித்து அணையும். அதோடு டிவியும் இருளும், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். பாதி வெட்டிய இரும்பு பாதியிலேயே நிற்கும். ஸ்டெபிலைசர் வைத்தார்கள், அது டொக்டொக்கென்று அடித்துக்கொண்டதுதான் மிச்சம். தொப்பூரில் கவிழ்ந்த லாரியின் பேட்டரியை வாங்கி வந்து பார்த்தான். டிவிக்குப் போதும், மிசினுக்குப் போதவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. தருமபுரியில் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் பட்டறை வைத்திருந்த ஒருவர் மட்டும் இந்த மிசினைப் பற்றி விசாரித்திருந்தார். அவருக்கு ஒரு தட்டு வேண்டும். இயேசுவின் திரு இருதயப் படத்தில் இருக்குமே, அந்த இருதய வடிவத்தில் ஓர் இரும்புத் தட்டு. அது சுற்றும்போது நூலை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஒரே சீராக நடத்திக்கொண்டு போகும். அரம் வைத்துக் கையால் ராவினால் வளைவு பிசகி, நூல் ஓரத்தில் குவிந்துவிடும்.

"பட்டுக்காரரு தட்டு வாங்குனா மிசினு இருக்கட்டும். இல்லீன்னா மழைக்கு முன்னாடி எனக்குக் கொட்டாய் வேணும். பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லி வுட்டுருவேன்" என்றார் வீட்டுக்காரர்.

"எம்புள்ள வேலைய வுட்டுட்டு வந்து செஞ்சதுங்க அது" என்றேன்.

"மாடும் எம்மாடுதான்" என்றார்.

இதற்கு நடுவில் எனக்கு வேறொரு தலைக்குனிவு. மகனும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். "ஏன்க்கா, உங்க மருமவ வேதக்காரிதானே?" என்று ஒருத்தி கேட்டாள். ஒரு ஞாயிறு சாமியாரே பிரசங்கத்தில், "சில வூட்டுல இப்ப இரும்பைத்தான் கும்புடறாங்க" என்றார். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பூசை நடுவில் எழுந்து வந்தது என் ஆயுசில் அது ஒரு தடவைதான். இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்து வருவது என்று போனேன்.

கொட்டகையில் டியூப் லைட் பால் மாதிரி எரிந்தது. மேசை இடமாகப் போய், முன்னே வந்து, வளைந்து, திரும்பிப் போனது. ஒருவர் கையும் அதன் மேல் இல்லை. மருமகள் பக்கத்தில் நின்று முணுமுணுத்தாள். செபம் சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன். ஒந்து, எரடு, மூறு என்று கத்தி இரும்பைச் சுற்றி வந்த கணக்கை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பூசைக்கி வராம இங்க என்னடா பண்றீங்க? சாமியாரு ஊரு முன்னால கேக்கறாரு!"

"அம்மா, லைட்டப் பாரும்மா" என்றான் மகன்.

"லைட்டுக்கு என்னா?"

மருமகள்தான் சொன்னாள். "அத்தே, வாரத்துல இந்நேரம் மட்டுந்தான் கரண்டு முழுசா வருது. ஊரே பூசைல இருக்குது. ஒரு மோட்டாரும் ஓடல."

காது கொடுத்துக் கேட்டேன். உண்மைதான். கிணற்றுப் பக்கம் சத்தமே இல்லை. பூசை முடிகிறவரை எங்கள் ஊரில் யாரும் மடை திருப்பப் போகமாட்டார்கள்.

திரும்பக் கோயிலுக்குப் போய், பூசை முடிந்ததும் சாமியார் முன்னால் நின்றேன். "தோத்திரம் சாமி. நீங்க பூசை வைக்கிறதுனாலதான் எங்க மிசினு ஓடுது" என்று விவரம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அப்ப நான் பிரசங்கத்த நீட்டுனா இன்னும் ரெண்டு தட்டு வெட்டுவாங்களா?" என்றார். பக்கத்து ஊரில் விடியற்காலைப் பூசைக்குப் போய் வரச் சொல்லுங்கள் என்று அதோடு விட்டார். அடுத்த வாரத்திலிருந்து போனார்கள்.

ஆனால் பட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றார். அவர் வருவது புதன்கிழமை. வெட்டிய தட்டைக் கொண்டுவந்து காட்டினால் ஆகாது, தன் கண் முன்னால் மிசின் வெட்ட வேண்டும். கையால் ராவிய தட்டை மிசின் தட்டு என்று சொல்லி யாரோ ஏற்கெனவே அவரை ஏமாற்றியிருந்தார்கள்.

அந்த வாரம் எங்களுக்குப் பகல் முறைக் கரண்டு, கிணற்று மோட்டாருக்கான கரண்டு பகலில்தான் வரும். புதன்கிழமை எல்லா மோட்டாரும் ஓடும். நான் யோசித்துப் பார்த்தேன். பூசை நேரத்தில் நிற்கிற மோட்டார் புதன்கிழமையும் நின்றால் என்ன? ஞாயிறு பூசை விட்டதும் கோயில் வாசலில் ஆம்பளைகள் கூடி நின்ற இடத்துக்குப் போனேன். கோயில் மதிய மணி அடிக்கிற வரைக்கும் புதன்கிழமை யாரும் மோட்டார் போடாதீர்கள் என்று கேட்டேன்.

பக்கத்து நிலத்துக்காரர்தான் வாயைத் திறந்தார். என்னை அண்ணி என்பார், வாய் சும்மா இருக்காது.

"ஏன் அண்ணி, நாங்க மோட்டார நிறுத்திட்டா எங்க சோளத்துக்கு உங்க மருமவ பொட்டி வந்து தண்ணி ஊத்துமா?"

"பொட்டி ஊத்தாது. நான் கொடத்துல மொண்டு ஊத்தறேன்."

"ஐயய்யோ, நீங்க கொடம் தூக்குனா எங்க சோளம் வெக்கத்துலயே வளந்துரும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை காலையில் கிணறு கிணறாகப் போய் ஞாபகப்படுத்தினேன். பட்டுக்காரர் வந்தார். கரண்டும் வந்தது. கரண்டு வந்தும் ஒரு மோட்டாரும் ஓடாமல் எங்கள் நிலம் கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். புளியமரத்தில் மைனா கத்துவது கேட்டது. மகன் தட்டைப் பூட்டினான். மருமகள் கேசட்டைப் போட்டாள். மேசை நகர்ந்தது. பட்டுக்காரர் மிசினைச் சுற்றிச் சுற்றி வந்தார், பின்னால் யாராவது ஒளிந்து சுற்றுகிறார்களா என்று பார்க்கிற மாதிரி. இருதயத்தின் ஒரு பக்கம் அழகாக இறங்கி வந்தது.

திடுமென்று லைட் துடித்தது. டிவி இருண்டது. மேசை நின்றுவிட்டது.

தூரத்தில் ஒரு மோட்டார் சத்தம். எந்தப் பாவி என்று காது கொடுத்தேன். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் மோட்டார்! ஊர்க் கிணறெல்லாம் போனவள் என் வீட்டுக் கிணற்றுக்குப் போகவில்லை. ஒரே வீட்டில் இருக்கிற மனுசனுக்குத் தனியாகச் சொல்வானேன் என்று விட்டிருந்தேன்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தக்காளி வரப்பில் ஓடினேன். "ஏங்க! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

அவர் நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டர் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். "தெரியும்டி. எனக்குத் தெரியும். கரண்டு வந்துச்சா, கை தானாப் போயிருச்சு" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்டாமலே திரும்பி ஓடினேன். அவர் என் பின்னால் வரவில்லை. கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். மருமகள் அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், இன்னொரு தட்டு இருக்குது. மறுபடி மொதல்லருந்து வெட்டறேன். ஒரு காப்பி குடிச்சிட்டு இருங்க."

"மறுபடி கரண்டு போனா?"

"போனா நீங்க போலாம் சார்."

அவர் உட்கார்ந்தார். மறுபடி வெள்ளெலிச் சத்தம், மறுபடி புதுத் தட்டு. மகன் என் காதில், "மணி அடிக்கறதுக்குள்ள முடியாதும்மா" என்றான். நான் கேட்டது மதிய மணி வரைக்கும்தான். இரண்டாம் தடவை போய்க் கேட்க என்னிடம் நேரமும் இல்லை, முகமும் இல்லை.

இருதயம் பாதி வந்திருந்தபோது கோயில் மணி அடித்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டு லைட்டையே பார்த்தேன். இப்போது துடிக்கும், இதோ துடிக்கும் என்று நின்றேன். மணி ஓய்ந்தது. மைனா கத்தியது. லைட் பால் மாதிரி எரிந்துகொண்டே இருந்தது. மருமகள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

தட்டு முழுசாக வந்தது. பட்டுக்காரர் கொண்டுவந்திருந்த அச்சில் அதை மாட்டி, ஓரத்தில் ஒரு கம்பியைச் சாய்த்து, கையால் மெதுவாகச் சுற்றினார். கம்பி தயங்காமல், குதிக்காமல் போனது, வந்தது. திரும்பவும் சுற்றினார். அப்புறம் என் மகனைப் பார்த்து, "பட்டறைக்கு முழுக்க இதே மாதிரி வேணும். எப்பத் தருவே?" என்றார்.

"அவளக் கேளுங்க சார். எழுதுனது அவதான்" என்றான் என் பிள்ளை.

அவன் மிசின் செய்ததைவிட அந்த ஒரு சொல் சொன்னதில் எனக்குப் பெருமை அதிகம். நான் வளர்த்த பிள்ளை.

சாயங்காலம் பக்கத்து நிலத்துக்காரர் வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்தார்.

"அண்ணி, உங்க வூட்டு மிசினு பொல்லாத மிசினு. காலைல உங்கள அனுப்பி கெஞ்ச வெச்சுது. மத்தியானம் அண்ணனையே அனுப்பிருச்சே!"

"எந்த அண்ணன?"

"உங்க வூட்டுக்காரரத்தான். ஓட்டமா வந்தாரு. 'தப்பு எம்மேலதான், மணி அடிச்சாலும் போடாதீங்கப்பா, எம்புள்ள முடிக்கட்டும்'னாரு. அவரு ஒருத்தர்கிட்டப் போயிக் கேட்டு நான் பாத்ததே இல்ல. எப்பிடி அண்ணி முடியாதுன்றது?"

பஞ்சத்தில்கூட அண்ணன் தம்பியிடம் ஒரு படி ராகி கேட்காத மனுசன் அவர். அன்றைக்குக் கிணறு கிணறாக, நான் போன அதே வரப்பில், போயிருக்கிறார்.

மாடுகளுக்கு அந்த மழைக்கு முன்பே புதுக் கொட்டகை போட்டோம். மிசின் தன் இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த மிசின்கள் எத்தனையோ. அன்று பாதியில் நின்ற அந்தத் தட்டை, ஒரு பக்கம் இருதயமும் ஒரு பக்கம் மொட்டை இரும்புமாக, வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேல் ஆணி அடித்து மாட்டினார். கை போகிற இடத்தில் கண்ணில் படட்டும் என்றார். இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

கொள்ளுப்பேத்தி வந்துவிட்டாள். அந்த மருமகள் பெற்ற மகனின் பெண். வா கண்ணு, இந்தா, ஆயா எழுதினதை முதலிலிருந்து படி, எழுத்து எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் சொல். தாத்தா கட்டிலில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கும் காதில் விழுகிற மாதிரி படி. மோட்டார் போட்ட இடம் வரும்போது இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படி.