சூடு ஆறாத மூன்றாவது வரி

பட்டறையில் என் அண்ணிக்குப் பெயர் 'ஆமை'. வைத்தவள் நான்தான். நாத்தனாராகப் பிறந்துவிட்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? அவள் வெல்டிங் வைப்பாள், நான் பக்கத்தில் கிரைண்டர் பிடிப்பேன்.

கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குப் போகிற டூப்ளெக்ஸ் ஸ்டீல் என்ற உயர்ரக எஃகுக் குழாய் லேசுப்பட்டதல்ல. மூட்டில் வரிமேல் வரியாக வெல்டிங் வைக்க வேண்டும். ஒரு வரி வெல்டிங் வைத்ததும், சூடு இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவசரப்பட்டு அடுத்த வரியை வைத்தால் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே தரம் கெட்டு, உப்புத் தண்ணீரில் அரித்துவிடும். சூடு பார்க்கவென்றே ஒரு சாக்பீஸ் உண்டு. குழாயில் தேய்த்தால் அது உருகக் கூடாது; உருகினால் சூடு இன்னும் இறங்கவில்லை.

அன்று அண்ணிக்குத் தேர்வு. தேறினால் கடல் குழாய்ப் பிரிவு. இல்லையென்றால் பழையபடி இரும்புக் கேட், ஜன்னல் கம்பி வேலைதான். ஒரு வருடமாக மாடாய் உழைத்திருந்தாள். ஆனால் மூன்றாவது வரியில், பதற்றத்தில் சாக்பீஸை மறந்து அப்படியே வைத்துவிட்டாள். தேர்வாளர் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பார்த்தது நான் மட்டும்தான்; வாயே திறக்கவில்லை. கடைசியில் அவர் அண்ணி ஒட்டிய சோதனைக் குழாய்த் துண்டைத் திருப்பிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"சார், மூணாவது வரிக்குச் சூடு பாக்காம வச்சிட்டேன்," என்றாள் அண்ணி.

அடிப்பாவி! அவர் துண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "மூணு மாசம் கழிச்சு வாங்கம்மா," என்றார்.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். "அது என்ன கடலுக்கா போகப் போகுது? வெறும் சோதனைத் துண்டு! வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா உனக்கு?"

"துண்டுதானேன்னு விட்டா கைக்கு அதுவே பழகிடும்டி." அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணனிடமிருந்து போன். அவனுக்குக் கடல் மேடையில்தான் வேலை. நான் அண்ணி கையிலிருந்து போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். "நீயாவது நல்லா நாலு வார்த்தை கேளு!"

அண்ணன் சொன்னான்: "நாள் முழுக்க அந்த மாதிரி குழாய்ங்க நடுவுலதான் நிக்கிறேன். ஒட்டினவங்க மூஞ்சி எனக்குத் தெரியாது. உங்க அண்ணி மாதிரி ஒருத்தின்னு நம்பித்தான் நிக்கிறேன். போனை அவகிட்ட குடு."

கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

அடுத்த தேர்வில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நான் "சாக்பீஸ்!" என்று கத்தினேன். தேர்வாளர் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் ஆமை குழாய்க்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.