ரயிலைக் கடைசியில் வைத்தவர்

நாற்பது வருடம் புரட்டியும் தாள் உதிராத புத்தகம் டெல்லியில் ஒன்று இருந்தால், அதைத் தைத்தது சாத்தூர் ஜோதிலிங்கம்தான். அவரே சொல்வார், மறுத்துப் பேச ஆள் கிடையாது. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர், பதினாறு வயதில் ஒற்றைத் துணிப்பையோடு ரயிலேறி வந்தவர். இன்று சொந்த பைண்டிங் கடை, மூன்று மிஷின்.

"படிச்சவன் எழுதிட்டுப் போயிருவான். நான் தைச்சாத்தான்யா அது புத்தகம்!"

ஜனக்புரி சியாமளா டீச்சர் பிள்ளைகளுக்காக ஒரு படப் புத்தகம் வரைந்திருந்தார். எழுத்து கிடையாது, பக்க எண்ணும் கிடையாது. அம்மா வேலைக்காக வெளியூர் போகிறாள், பிள்ளை அவளோடு போனில் பேசிக் காத்திருக்கிறது, அம்மா திரும்பி வந்து அணைத்துக்கொள்கிறாள். அச்சான தாள்களோடு மாதிரிப் பிரதியையும் நீட்டினார்.

"மாதிரியா? எனக்கா? படத்தைப் பாத்தா கதை தெரியாதா டீச்சரம்மா?" திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை வெளியீடு. பிள்ளைகள் உட்கார்ந்தாயிற்று. கட்டைப் பிரித்த டீச்சரின் முகம் வெளுத்தது.

"அண்ணாச்சி, பெட்டி கட்டறதும் ரயிலும் முதல்ல வரணும். கடைசியில வச்சுத் தைச்சிருக்கீங்களே! முந்நூறும்!"

ஜோதிலிங்கம் ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார். அடுக்கும்போது அவருக்கு அது தப்பாகவே படவில்லை. பதினெட்டு வருடம் பொங்கலுக்கு மட்டும்தான் ஊருக்குப் போய்வந்தார். பெண்டாட்டி பிள்ளையோடு பத்து நாள். பிறகு பெட்டி, ரயில். கதை வேறெப்படி முடியும்? இப்போது, சேர்த்துவைத்த பேரெல்லாம் இத்தனை பேர் முன்னால் போகப்போகிறது.

"ஒரு பிள்ளை கைக்கும் போகக்கூடாது. பூராத்தையும் பிரிச்சுத் தைக்கிறேன்" என்று எழுந்தார்.

ஒன்று ஏற்கெனவே போய்விட்டிருந்தது. முன்வரிசையில் ரூபி, ஆறு வயது. அம்மா மஸ்கட்டில் நர்ஸ். புத்தகத்தை மடியில் வைத்துப் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா போன்ல பேசறாங்க. அச்சா, இப்ப லீவுல வந்துட்டாங்க. பாரு, கட்டிப்பிடிச்சுத் தூங்கறாங்க. அப்புறம் பெட்டி. ஃபிர் ரயில், டாட்டா."

"முடிஞ்சிடுச்சா?"

"அரே, முடியாதுடா!" சட்டென்று முதல் பக்கத்துக்குப் புரட்டினாள். "இறங்கினதும் போன் பண்ணுவாங்கல்ல?"

ஜோதிலிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை ஆயிரம் தைத்த கை! ஒரு புத்தகம் இப்படிச் சுற்றி வரும் என்று அதற்குத் தெரியாமல் போயிற்றே. டீச்சரும் வாயில் கை வைத்தபடி நின்றார்.

"பாப்பா, அதைக் குடு. தாத்தா சரி பண்ணித் தாரேன்." கையை நீட்டினார்.

ரூபி புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு? சரியாத்தானே இருக்கு?"

டீச்சர் மீதிப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்கு நீட்டத் தொடங்கினார். ஜோதிலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு ரூபியின் பின்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் மறுபடி சொல்ல ஆரம்பித்திருந்தாள்.